பல்டி அக்கா நின்ற இடம்

பல்டி அக்காவுக்கு வேலை போகிற மாதிரி ஆனது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். யார் விழப்போனாலும் பிடிக்க ஓடிவிடுகிறாளாம்!

பிடிப்பது ஒரு குற்றமா என்று கேட்காதீர்கள். அவள் சொல்லித்தரும் எடை தூக்கும் ஜிம்மில் குற்றம்தான். ஆள் விழுந்தால் பிடிக்கலாம். தலைக்கு மேலே தூக்கிய ராடு, இரண்டு பக்கமும் இரும்புத் தட்டுகளோடு விழுந்தால் யாரால் பிடிக்க முடியும்? தூக்கியவர் கையை விட்டுவிட்டு விலக வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதற்கு முன்பே விலகியிருக்க வேண்டும். சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது. சொல்லித்தருபவளே பல்டி அக்காதான். வாய் சொல்லும், கை கேட்டால்தானே!

அந்தக் கை பழகிய இடம் வேறு. சின்ன வயதிலேயே ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்துக்குப் போனவள். நாட்டின் பெயர் போட்ட சட்டையோடு நாலைந்து வெளிநாடுகளுக்குப் போய், காற்றில் அடித்த பல்டிகளால்தான் பல்டி அக்கா என்ற பெயரே வந்தது. கடைசியாகப் போன போட்டியில் உயரக் கம்பியிலிருந்து தாழ்ந்த கம்பிக்குத் தாவும்போது பிடி நழுவித் தலைகீழாக இறங்கினாள். கீழே நிற்கும் பயிற்சி மாஸ்டர் தொட்டால் மதிப்பெண் போய்விடும். அது தெரிந்தும் மனிதர் பாய்ந்து வந்து அவளை மார்போடு சேர்த்துப் பிடித்தார். பதக்கம் போனது, கழுத்து பிழைத்தது.

"போனா போகுது கழுதை! ஒரு தகரத் துண்டுதானே?" என்றார் மாஸ்டர்.

அடுத்த வருஷமே முழங்கால் மடங்கிப்போய் ஆட்டம் முடிந்தது. ஆனால் ஒன்று மட்டும் அவள் மனதில் ஊறிவிட்டது. நம்மேல் உயிரை வைத்திருப்பவர் யாரென்றால், நாம் விழும் இடத்தில் கையை விரித்துக்கொண்டு நிற்பவர். கல்யாணம், குழந்தை, பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை என்று எங்கெங்கோ சுற்றி இந்த ஜிம்முக்கு வந்து சேர்ந்தபோதும் அந்த எண்ணம் மாறவில்லை.

வந்த புதிதிலேயே வம்பு. மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஆசைப்பட்டுத் தூக்கிய ராடு பின்பக்கம் சாய்ந்தது. மனிதர் ஒழுங்காகக் கையை விட்டு முன்னால் குதித்துவிட்டார். நம்ம அக்கா பின்னால் போய்க் கையை நீட்டினாள். இடது கையில் இரண்டு விரல் நசுங்கி, ஒட்டவைத்த பிறகும் கோணலாகவே நின்றுவிட்டன.

"அக்கா, உங்க கால்ல வேணாலும் விழறேன்" என்றார் ஜிம் முதலாளி. அவளைவிடச் சின்னவர், நல்ல மனிதர், கொஞ்சம் படபடப்பு. "இன்னொரு தடவை உள்ள கைய விட்டீங்க, நான் பாவம் பாக்க மாட்டேன். வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

அதற்குள் அவள் மகளுக்கும் எடை தூக்கும் பித்து பிடித்துவிட்டது. பதினேழு வயது, அம்மாவைப் போலவே பிடிவாதம். அவள் தூக்கும்போதெல்லாம் அம்மா பின்னால் போய் நின்றுகொள்வாள். முதலாளி முறைத்தால் அரை அடி நகருவாள், அவ்வளவுதான்.

போட்டிக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் நாள் வந்தது. முதலாளி பல்டி அக்காவைப் பின்சுவர் ஓரமாக நிறுத்தினார். "இந்தச் சுவத்த விட்டு நகரக் கூடாது. ராடுக்குக் கிட்ட போனீங்கன்னா வேலையும் இல்ல, பொண்ணுக்குப் போட்டியும் இல்ல. சொல்லிட்டேன்."

அக்கா முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

மகள் குனிந்து ராடைப் பிடித்தாள். தோள் வரைக்கும் சுலபமாக வந்தது. மூச்சை இழுத்து, ஒரு காலை முன்னால் வைத்துத் தலைக்கு மேலே ஏற்றினாள். ஏறிய ராடு நிலைக்கவில்லை. மெல்லப் பின்னால் சரியத் தொடங்கியது.

"விட்டுடு!" என்று முதலாளி கத்தினார்.

மகள் விடவில்லை. முழங்கை நடுங்கியது, இடது தோள் வெளியே பிதுங்கிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் மூட்டு கழன்றுவிடும்.

"விடுடி பைத்தியக்காரி, விட்டுத் தொலை!" என்று மறுபடியும் கத்தினார் முதலாளி.

சுவரோரம் பல்டி அக்காவின் கைகள் தானாக நீண்டன. ஒரு கால்கூட எடுத்து வைத்துவிட்டாள். அப்போதுதான் மகளின் தலை திரும்ப முயல்வதைப் பார்த்தாள். ராடைப் பார்க்கவில்லை அந்தப் பெண். கடைக்கண்ணால் முதுகுக்குப் பின்னால் எதையோ தேடினாள்.

அடிப்பாவி, என்னைத்தானா தேடுகிறாய்!

கெட்ட முழங்காலை இழுத்துக்கொண்டு சுவரை ஒட்டியே சுற்றி ஓடினாள் அக்கா. மகளுக்கு நேர் எதிரே போய் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினாள்.

"இங்க பாரு! நான் இங்க இருக்கேன்! பின்னாடி யாரும் இல்ல, போடு!"

மகள் பார்த்தாள். உடனே கையை விட்டு முன்னால் பாய்ந்தாள். ராடு பின்னால் விழுந்த அதிர்வில் ஜன்னல் கண்ணாடி குலுங்கியது. பல்டி அக்கா எப்போதும் நிற்கும் இடத்திலேயே அது விழுந்து கிடந்தது.

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அக்கா ராடுக்குக் கிட்ட போகவில்லை என்பதை அவரும் பார்த்திருந்தார்.

மகள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வலியால் மட்டும் அல்ல, கோபத்தாலும்தான். "ஒவ்வொரு தடவையும் உன்மேல போட்டுடுவேனோன்னு பயந்துக்கிட்டேதாம்மா தூக்குறேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா நீ உடைஞ்சு போயிடுவ."

உடைந்துதான் போனாள். வேறென்ன செய்வாள்? இத்தனை நாளும் பிள்ளையைத் தாங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தவள் அல்லவா!

"இனிமே முன்னாடியே நிக்கிறேண்டி" என்றாள் கெஞ்சலாக.

"முன்னாடியும் வேணாம்மா. வெளியில போய் உக்காரு."

முதலாளி அந்தப் பெண்ணின் தோளை அழுத்திப் பார்த்து, மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னொரு முறை தூக்கலாம் என்றார். பல்டி அக்கா வெளியே போனாள். செருப்புகளுக்கு நடுவே படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

உள்ளே பேச்சு நின்றது. தூக்குகிறாள் போல. பிறகு இரும்பு தரையில் விழும் சத்தம். தூக்கி முடித்து இறக்கினாலும் அதே சத்தம்தான், தவறி விழுந்தாலும் அதே சத்தம்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

"அம்மா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நின்னுடுச்சும்மா! மேலயே நின்னுடுச்சு!"

எழுந்து ஓடத்தான் நினைத்தாள். செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்தபடியே வாய்விட்டு அழுதாள்.