பிரேக் விடுகிறதா என்று கேட்டவர்

“பிரேக்கு புடிக்குதான்னு எல்லாரும் பாக்குறீங்க சார். வுடுதான்னு என்னிக்காவது பாத்தீங்களா?”

நான்கு ஆண்டுகளுக்கு முன் கவரைப்பேட்டையில், என் காரின் சக்கரத்தருகே குந்தியபடி ஓட்டுநர் மரியதாஸ் கேட்ட கேள்வி இது. காலமெல்லாம் அறிவியல் வாத்தியாராக இருந்த நான் அப்படிப் பார்த்ததே இல்லை. சென்ற செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மனைவி ஸ்டெல்லா போனில், “சார், அவரு போயிட்டாரு சார்” என்றபோது அந்தக் கேள்விதான் முதலில் காதில் ஒலித்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மரியதாஸ் எங்கள் தெருக்காரர். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றுக்குப் பெண் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஒப்பந்த வேனை ஓட்டியவர். அன்று என் கார் இடதுபக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைக் காட்டினார். சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் கவ்வி நிறுத்தும் பாகம் அது. அது நகர்வதற்கான இரும்புப் பின்கள் துருவேறி இறுகியிருந்தன. சைக்கிளில் கைப்பிடியை விட்ட பிறகும் பிரேக் கட்டை ரிம்மை உரசிக்கொண்டே இருந்தால் எப்படியோ, அப்படி. துருவைத் தேய்த்து, கிழிந்த ரப்பர் உறையை மாற்றி, கிரீஸ் தடவி, பிஸ்டனை உள்ளே தள்ளிப் பூட்டினார். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, “இப்போ வுடுது பாருங்க” என்றார்.

ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தை அவருடைய வேனுக்குத் தர மறுத்ததால்தான் அவர் இன்று இல்லை.

ஷிப்டுக்குத் தாமதமானால் தொழிற்சாலைக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதனால், சக்கரம் புகைந்தால் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடுவது இங்கே பல ஓட்டுநர்களின் வழக்கம். மரியதாஸ் ஊற்றமாட்டார்.

“இன்னா தாஸண்ணா, வண்டிக்குத் தண்ணி காட்டலியா?” என்று டீக்கடையில் சீண்டுவார்கள்.

“அது இன்னா எருமையா, தண்ணி காட்டுனா கம்முனு நிக்க? சூட்டுல ஊத்துனா தட்டு கோணிக்கும்டா!”

சென்ற மாதம், வேனின் இடது முன்சக்கரம் பிடித்ததை விடவில்லை என்று வேன் உரிமையாளரான ஒப்பந்ததாரரிடம் சொன்னார். “அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம், நீ ஓட்டு” என்பதே பதில். அன்று மாலை என்னிடம் வந்தார்.

“நாளைக்கி வண்டிய எடுக்க மாட்டேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன் சார்.”

“அவசரப்படாதீங்க தாஸ். எழுத்துல குடுங்க, பதில் வரட்டும்” என்றேன்.

நானே எழுதினேன். ‘தயவுகூர்ந்து’ என்று தொடங்கி ‘பணிவன்புடன்’ என்று முடித்தேன். ஒரு வாரம் கழித்து இன்னொன்று. பதில் வரவில்லை. நான் சொன்னேன் என்பதற்காக அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். என் கோபம் முதலில் என் மீதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, நெடுஞ்சாலையில் அந்தச் சக்கரத்தின் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. கொதித்தால் குழாயில் ஆவிதான் மிஞ்சும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

அடக்கத்துக்கு ஒப்பந்ததாரர் ஆள் உயர மாலையோடு வந்தார். “வயசாயிடுச்சு, கண்ணு சரியாத் தெரியல போல” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அந்த வேனில் வந்த கலாவின் காதில் அது விழுந்தது.

“யாருக்குய்யா கண்ணு தெரியல? எதிர்ல லாரி நிக்குது. ‘பெடலு எறங்கிடுச்சும்மா, கெட்டியா புடிச்சிக்கினு இருங்க’ன்னு கத்திக்கினே ஜல்லிக் குவியல் மேல ஏத்தினாரு. பதினோரு பேரு உசுரோட கீறோம். அவரு நெஞ்சுல ஸ்டீரிங் குத்திச்சி. உன் மாலைய எட்துக்கினு போ!”

ஸ்டெல்லா நிமிர்ந்து பார்க்கவில்லை. “அது வேணாம் கலா, வெளிய வெச்சிடு” என்றார். கல்லறைத் தோட்டத்து இரும்புக் கேட்டுக்கு வெளியே, செருப்புகளுக்கு நடுவே, அந்த மாலை கிடந்தது.

‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று வழக்கை எழுதி முடிக்கப் பார்க்கிறார்கள். இரண்டு கடிதங்களின் நகல்களையும் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டேன். கூடவே மூன்றாவதாக, ஒப்பந்ததாரர் மீது புகார் ஒன்று எழுதினேன். அதில் ‘தயவுகூர்ந்து’ இல்லை.

தாஸ், உங்களைப் பொறுக்கச் சொன்னவன் இனிப் பொறுக்கமாட்டான். நிம்மதியாகத் தூங்குங்கள்.

படிப்பவர்களுக்கு ஒன்று: இன்று வண்டியை வீட்டில் நிறுத்தியதும், தொடாமல், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால், அதைச் சரிசெய்யும்வரை யார் சொன்னாலும் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.