மார்கழியில் பார்த்த மாடி அறை

அந்த அறையை நான் முதன்முதலாகப் பார்த்தது மார்கழி பிறந்த நான்காம் நாள். நான்கு நாள் முன்னதாகப் பார்த்திருந்தால் அது கார்த்திகை. இந்த நான்கு நாட்களைப் பற்றி நான் யோசித்ததைப் போல வேறு எதைப் பற்றியும் யோசித்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு வயது முப்பத்து நான்கு. வீடு ஸ்ரீரங்கத்தில். வேலை, தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் கட்டட பிளான் போடும் ஓர் அலுவலகத்தில். ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு நின்ற நீளக் கூடம். பகல் பதினோரு மணிக்கும் விளக்கு எரியும். விளக்கு எனக்கு வலப்பக்கம் தொங்கியதால், நான் இழுக்கும் கோட்டின் மேலேயே என் கையின் நிழல் விழும். பதினோரு வருஷம் அந்த நிழலுக்குள்தான் கோடு போட்டேன். வரைவது நான், கீழே கையெழுத்துப் போடுவது முதலாளி.

அந்த ஆவணியில்தான் பிளான்களில் நானே கையெழுத்துப் போடுவதற்கான லைசென்ஸ் நகராட்சியிலிருந்து வந்தது. இனி வேண்டியது ஓர் இடம். ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டால் ஆகாது. புது வீடு கட்டுகிறவர்கள் பிளான் போடுவதற்காகக் காவேரிப் பாலம் தாண்டி வரமாட்டார்கள். அவர்கள் எல்லோரும் தில்லைநகர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

அதற்குச் சில வருஷங்கள் முன்புவரை அது வயல். மனை பிரித்து, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்நேராகக் குறுக்குத்தெருக்கள் போட்டார்கள். கோட்டைக்குள் இருந்த டாக்டர்களும் வக்கீல்களும் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். மொசைக் தரை, கிரில் கேட், மூலையில் வளைந்து திரும்பும் சன்ஷேட். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அந்தத் தெருக்களை வேடிக்கை பார்க்கவே டவுன் பஸ் ஏறி வருகிற குடும்பங்கள் இருந்தன. நாங்களும் அதில் ஒன்று. என் மனைவி கேட்டுகளைப் பார்த்துக்கொண்டு வருவாள். நான் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு வருவேன். அங்கே எழுந்திருந்த வீடுகளில் ஆறு என் கையால் வரைந்தவை. அதை அவளைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், ஒரு குறுக்குத்தெருவின் நடுவில், பூச்சு வேலை அப்போதுதான் முடிந்திருந்த ஒரு வீட்டின் மாடியில் அந்த ஜன்னலைப் பார்த்தேன். வடக்குப் பார்த்த ஜன்னல், நான்கு கதவுகள். கேட்டருகில் நின்ற வீட்டுக்காரரிடம், மாடி வாடகைக்கு விடுவதாக உத்தேசமா என்று கேட்டேன்.

அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பொன்மலை குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். பேசும்போதே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"ஆபீஸுக்கா, குடும்பத்துக்கா?"

"ஆபீஸுக்குங்க. பிளான் போடறது."

"சத்தம் உண்டா?"

"பென்சில் சத்தம்தான்."

சிரித்துவிட்டார். மேலே கூட்டிக்கொண்டு போனார்.

பதினாலரை அடி நீளம், பதினோரு அடி அகலம். தளத்தின் உயரம் பத்தடி. கிழக்குப் பார்த்து உட்கார்ந்தால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும். வலது கையால் எழுதுகிறவனுக்கு நிழல் விழாது. வடக்கு வெளிச்சத்தில் வெயில் இல்லை, சூடு இல்லை. படம் நகலெடுக்கும் டிரேசிங் துணி சுருங்காது. ஜன்னலுக்கு முன்னால் நின்றேன். அப்பால் இன்னும் கட்டாத மனைகள், அவற்றுக்கு அப்பால் வாழைத்தோட்டம். என் மனைவி மெதுவாக, "இங்க மேஜை போடலாம்ங்க" என்றாள்.

வீட்டுக்காரருக்கு என்னைப் பிடித்திருந்தது. வாடகையிலும் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை. அச்சாரமாக ஏதாவது கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். மார்கழியாக இருக்கிறதே என்றேன். தை பிறந்ததும் நல்ல நாள் பார்த்துக் கொடுத்துவிட்டு அன்றைக்கே குடிவந்துவிடுகிறேன் என்றேன்.

"சரி தம்பி. வண்டி நிக்கும்" என்றார். "ஆனா ஸ்டேஷன்ல எவ்வளவு நேரம் நிக்கும்னு கார்டு கையில மட்டும் இல்ல."

மார்கழியில் வீடு மாறுவதில்லை, கடை திறப்பதில்லை, புதிதாக எதிலும் கை வைப்பதில்லை. இது எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பது அல்ல. மழை பெய்தால் குடை பிடிப்பதைப் போல. ஆனால் போய்ப் பார்ப்பதில் தவறு எதுவும் இல்லை. அந்த மாதத்தில் இன்னும் நான்கு முறை போனேன். காலை எட்டு மணிக்கு ஒரு நாள், பதினொன்றுக்கு ஒரு நாள், இரண்டுக்கு ஒரு நாள், நாலரைக்கு ஒரு நாள். எந்த நேரத்தில் தரையில் எதுவரை வெளிச்சம் வருகிறது என்று டைரியில் குறித்துக்கொண்டேன். பிறகு அந்த அறையையே ஒரு பிளானாக வரைந்தேன். ஜன்னலடியில் மேஜை. கதவோரம் வருகிறவர்களுக்கு ஒரு நீள பெஞ்ச். நடுவில் இடுப்புயர மரத்தடுப்பு. வடகிழக்கு மூலையில், பேனா முனையும் கையும் கழுவ ஒரு சின்னத் தொட்டி. எனக்காக வரைந்தது என்பதால் அளவுகளை மட்டும் குறித்தேன். எது என்ன என்று பெயர் எழுதவில்லை. கீழே கையெழுத்தும் போடவில்லை. பதினோரு வருஷத்தில் நான் வரைந்த படங்களிலேயே சுத்தமானது அதுதான்.

அதற்குள் முதலாளியிடம் சொல்லியும்விட்டேன், தையிலிருந்து வரமாட்டேன் என்று. "போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க. தில்லைநகர்ல காக்கா குருவிக்கெல்லாம் பிளான் போட்டுக் குடுங்க" என்றார். அடுத்த வாரமே என் வரைபலகைக்கு வேறு ஆள் பேசிவிட்டார்.

வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் வீடு நிறைந்துவிடும். துறையூரிலிருந்து என் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். நிலமும் கிணறும் மாடும் உள்ளவர். எதையும் சத்தமாகத்தான் சொல்வார். ஏகாதசிக்கு மறுநாள் காலை, கோயிலுக்கு வந்த ரயில்வேக்காரர் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நெற்றியில் திருமண், கையில் துளசி. கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தோம்.

"தம்பி, நேரா விஷயத்துக்கு வரேன்" என்றார். "ஒரு பல் டாக்டர் வந்து மாடியைக் கேக்கறார். கிறிஸ்தவர். அவருக்கு மார்கழி கிடையாது. இன்னிக்கே வரேங்கறார். உங்ககிட்ட வாக்கு குடுத்திருக்கேன்னு சொல்லிட்டேன். ஆனா எனக்கும் தையில பொண்ணுக்குக் கல்யாணம். ஒரே ஒரு ரூபா என் கையில குடுங்க. அச்சாரம் வாங்கியாச்சுன்னு கதவைச் சாத்திடறேன்."

நான் பதில் சொல்லுமுன் மச்சான் சொல்லிவிட்டார்.

"மார்கழியில அச்சாரமா? நல்லாருக்கே! நாங்க மாட்டைக்கூட ஒரு கொட்டகையிலேருந்து இன்னொரு கொட்டகைக்கு மாத்த மாட்டோம்ங்க. மாப்ளே, பதினஞ்சு நாள் பொறுக்க மாட்டாத எடம் நமக்கு எதுக்கு?"

என் மனைவி சமையலறை நிலைப்படியில் வந்து நின்றாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஒரு ரூபாதானே. குடுத்துடுங்க" என்றாள்.

மச்சான் சொன்னதற்காக நான் கொடுக்காமல் இருந்தேன் என்று சொன்னால் அது பொய். அவர் இல்லாவிட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன். எனக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். பதினோரு வருஷம் காத்திருந்து தொடங்கும் ஒரு காரியத்தில், முதல் கோடே தவறான நாளில் விழுந்துவிடக் கூடாது என்றிருந்தது. நான் எழுந்துபோய் அந்தப் படத்தை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தேன்.

"பணம் இப்ப குடுக்கக் கூடாதுங்க. இதை வச்சுக்கங்க. இதுதான் என் அச்சாரம்."

அவர் விரித்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அச்சாரத்துக்குப் பதிலா படம் குடுத்த ஆள் உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான்" என்றார். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது மறுபடியும் திரும்பிப் பார்த்தார். இப்போது எனக்குத் தெரிகிறது, அப்போதும் அவர் அந்த ஒரு ரூபாய்க்காகத்தான் நின்றார்.

பொங்கல் கழிந்து நான்காம் நாள் முகூர்த்தம். தேங்காய், வெற்றிலைபாக்கு, பழம், உறையில் பணம், எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் வைத்துத் துண்டால் மூடி, நானும் மனைவியும் முதல் பஸ்ஸில் போனோம். அந்தத் தெருவில் திரும்பும்போதே மாடிச் சுவரில் புதுப் பலகை தெரிந்தது. பற்கள் வரைந்த பலகை.

வீட்டுக்காரர் கேட்டருகில் வந்தார். தாம்பாளத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"உங்க படத்தைத்தான் தம்பி காட்டினேன். இப்படி ஒருத்தர் வரப்போறார், விட முடியாதுன்னு சொல்றதுக்காகத்தான் காட்டினேன். அவர் அதைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, எனக்கு வேண்டியது அப்படியே இதுதான்னு சொல்லி, அந்த எடத்துலேயே பணத்தை எடுத்து வச்சுட்டார். தொட்டிகூட அந்த மூலையிலயே வேணும்னார். நான் என்ன செய்ய? உங்க வீட்டுக்கு வந்து கேட்டேன் இல்லையா?"

கேட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தாம்பாளம் மனைவியின் மடியில் இருந்தது. பாலத்தில் ஏறியபோது அவள், "தேங்காயை இன்னிக்கு சட்னிக்கு வச்சுக்கவா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அந்த ஒரு ரூபாயைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

வேலையும் போயிற்று, இடமும் போயிற்று. தை முதல் ஆனி வரை ஸ்ரீரங்கத்து வீட்டின் பின்கட்டில் பலகையைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தேன். டைரியில் பல நாட்களுக்கு எதிரே 'யாரும் வரவில்லை' என்று இருக்கிறது. பங்குனியில் ஒருவர் ஆள் அனுப்பினார். அந்தப் பல் டாக்டர்தான். சொந்த வீடு கட்ட அவர் மனை வாங்கியிருந்தார். வீட்டுக்காரர் என் விலாசத்தைக் கொடுத்திருந்தார்.

போனேன். பெஞ்ச் கதவோரம் இருந்தது. தடுப்பு இடுப்புயரம். மூலையில் தொட்டி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் மேஜை இருக்க வேண்டிய இடத்தில் நாற்காலி ஒன்று, அதில் ஒரு பெண்மணி வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருந்தார். வடக்கு வெளிச்சம் அவர் பற்களின் மேல் விழுந்தது.

டாக்டர் நல்ல மனிதர். கை கழுவிக்கொண்டே, "இந்த ரூமை நீங்கதான் வரைஞ்சீங்களாமே? வீட்டுக்காரர் சொன்னார்" என்றார். "பல் டாக்டருக்கு என்ன வேணும்னு எப்படிங்க தெரிஞ்சுது?"

"வெளிச்சத்தைப் பார்த்து வரைஞ்சதுங்க" என்றேன்.

அது நான் எனக்காகவே வரைந்தது, அங்கே வரவிருந்தவன் நான்தான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவருடைய வீடுதான் நான் கையெழுத்துப் போட்ட முதல் பிளான்.

ஆடியில் மெயின் ரோட்டில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை காலியாயிற்று. மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேரே மேஜையில் விழும். பார்த்த நாளே, பார்த்த மணியிலேயே அச்சாரம் கொடுத்துவிட்டேன். துறையூரிலிருந்து மச்சான் வந்து குதித்தார். "ஆடியிலயா? மாப்ளே, புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். என் மனைவி, "அண்ணே, நீ காபி குடி" என்றாள்.

தொழில் வந்தது. அந்தக் குறுக்குத்தெருக்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. பக்கத்து அறையையும் சேர்த்து எடுத்தேன். மூன்று பலகைகள், உதவிக்கு இரண்டு பேர். மேற்கு வெயிலுக்கு மூங்கில் தட்டி கட்டினேன். ஆனாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது நேர் வழியை விட்டு அந்தத் தெரு வழியாகப் போவேன். எட்டு நிமிஷம் கூடுதல். அண்ணாந்து பார்ப்பேன். அவ்வளவுதான்.

அறுபதுகள் முடிகிற சமயத்தில் டாக்டர் தன் வீட்டின் கீழ்ப்பகுதிக்கே ஆஸ்பத்திரியை மாற்றிக்கொண்டார். அப்படி மாற்றிக்கொள்ள இடம் வைத்து வரைந்ததும் நான்தான். ரயில்வேக்காரர் மறுநாளே என் அலுவலகத்துக்கு வந்தார். தளர்ந்திருந்தார்.

"மாடி காலியாயிருக்கு தம்பி. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன். நல்ல மாசம்தான், பாத்துக்கங்க."

உடனே அவருடனேயே போனேன். நாற்காலி இருந்த இடத்தில் தரையில் நான்கு துளைகள். மற்றபடி வெறும் அறை. காலை பதினொரு மணி, வெளிச்சம் டைரியில் குறித்திருந்த இடம்வரை வந்திருந்தது. டேப்பை எடுத்து ஏன் அளந்தேன் என்று தெரியவில்லை. பதினாலரை, பதினொன்று. அளவு எனக்கு மறந்திருக்கவில்லை. மூன்று பலகைகள் அதில் கொள்ளாது. இரண்டு போட்டால் நடக்க வழி இருக்காது. உதவியாட்களில் ஒருவரை நிறுத்த வேண்டும். அவருக்கு இரண்டு குழந்தைகள்.

"என்ன தம்பி, சொல்லுங்க" என்றார். இந்த முறை அவர் அவசரப்படவில்லை.

"சின்னதா இருக்குங்க" என்றேன்.

அவர், வாடகைக்கு என்று ஒரு போர்டு எழுத வேண்டும், தனக்குக் கை நடுங்குகிறது என்றார். ஒரு அட்டை கொண்டுவரச் சொன்னேன். ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்து, கிழக்குப் பார்த்து, பென்சிலால் இரண்டு கோடுகள் இழுத்துக்கொண்டு, 'மாடி வாடகைக்கு' என்று எழுதினேன். கையின் நிழல் எங்கும் விழவில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை. முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.