லோம்நெஸ் வீட்டுப் பேர்

கொடைக்கானலில் ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அப்பா பேரைச் சொல்லிப் பிரயோசனமில்லை. எந்த பங்களாவில் இருந்தவர் என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பங்களாக்களில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு பங்களாப் பேர்தான் அடைமொழி. ரோஸ்பேங்க் குப்பம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். ரோஜாப்பூ பக்கத்தில் போனாலே அவளுக்குத் தும்மல் வரும். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? சாகிற வரைக்கும் அவள் ரோஸ்பேங்க்தான்.

அந்தக் கணக்கில் நம் ஆள் லோம்நெஸ் சிவமுருகன். வயது ஐம்பத்தேழு. தொழில், தண்ணீர்க் குழாய் வேலை. பஜாரில் காலித்தின் ஹார்டுவேர் கடையை ஒட்டி ஒரு சின்ன அறை. அதன் நெற்றியில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்து: லோம்நெஸ் பிளம்பிங் ஒர்க்ஸ்.

மனிதருக்கு ஒரு வியாதி உண்டு. குழாய் சொட்டுகிறது என்று கூப்பிட்டால் மற்றவன் வாஷரை மாற்றிவிட்டுப் போவான். இவர், "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று ஆரம்பித்துவிடுவார். குழாயைப் பிடித்துக்கொண்டே மேட்டில் ஏறி, சோலைக்காட்டுக்குள் புகுந்து, ஊற்றைக் கண்ணால் பார்த்தால்தான் தூக்கம். ஒரு தடவை இப்படித்தான் சாயங்காலம் அட்டைக்கடியோடு திரும்பி வந்து, "நீங்க குடிக்கிறது பக்கத்து வீட்டுக்காரர் தண்ணிங்க" என்றார். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் இன்று வரை பேசிக்கொள்வதில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பது என்றால் இதுதான்.

ஆனால் பாருங்கள், ஊர்த் தண்ணீருக்கெல்லாம் ஊற்றுத் தேடின மனிதர் தன் இனிஷியலுக்கு மட்டும் தேடவில்லை.

அந்த இனிஷியல் வந்த கதை சின்னதுதான். நார்வே நாட்டிலிருந்து லோம்நெஸ் துரை என்று ஒருவர் வந்து இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை சொல்லிக் கொடுத்தார். கல்யாணம் கிடையாது. வில்பட்டி ரோட்டுக்கு மேலே கல்வீடு கட்டி அதற்குத் தன் பேரையே வைத்தார். அடுக்கம் கிராமத்திலிருந்து வந்த பொன்னுவேல் அங்கே தோட்டக்காரர். பொன்னுவேலின் பெண்டாட்டி பிச்சையம்மாள் சமையல். வீட்டுக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ். அதில்தான் சிவமுருகன் பிறந்தார். பிள்ளை நடக்கப் பழகின சமயத்தில் துரை ஊருக்கே போய்விட்டார். பிற்பாடு பிச்சையம்மாள் பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது, பையன் பேர் என்ன என்று வாத்தியார் கேட்டார். ஊர் சொல்கிற மாதிரியே அவளும் "லோம்நெஸ் சிவமுருகன்" என்றாள். முன்னால் வந்தது அப்பா பேராகத்தான் இருக்கும் என்று வாத்தியாரும் அதை இனிஷியலாகப் போட்டுவிட்டார். முடிந்தது கதை. தமிழ்நாட்டில் இனிஷியல் என்றால் என்ன அர்த்தம்? பெற்ற தகப்பன் பேர். விடுவார்களா பயல்கள்? "துரை மவனே, துரை மவனே" என்று கூப்பிட்டார்கள். ஒருத்தன் பல்லை சிவமுருகன் உடைத்தார். அதற்கப்புறம் சத்தமில்லை. அந்தக் குழாயை அவரும் தோண்டவில்லை.

வம்பு மகள் ரூபத்தில் வந்தது. சௌம்யா சென்னையில் நர்ஸ். பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் கேட்டபோது அப்பா சர்டிபிகேட்டைப் பார்த்து லோம்நெஸ் என்று போட்டுவிட்டாள். இன்டர்நெட்டிலும் சௌம்யா லோம்நெஸ். பார்க்க ஸ்டைலாகத்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ஜூலை மாதத்துச் சாரலில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் குடையும் கையுமாகக் கடை வாசலில் வந்து நின்று, தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். குடை ஒரு பக்கம் சாய்ந்து தோள் நனைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"என் பேர் இங்கெர் லோம்நெஸ்" என்றார்.

சிவமுருகனுக்குக் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. பங்களா இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தார். காலித் டீ சொன்னார், அப்படியே போகாமல் நின்றும்கொண்டார்.

இங்கெர், துரையின் தம்பி பேத்தி. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கையை விரித்துக் காட்டிச் சொன்னார்: "இந்தப் பேரில் உலகத்திலேயே மொத்தம் பதினோரு பேர்தான் இருக்கோம். எல்லாருக்கும் வயசாயிடுச்சு, யாருக்கும் பிள்ளை கிடையாது. எங்க நாட்டுல இந்த மாதிரி அபூர்வமான பேரை வேற யாராவது வச்சுக்கணும்னா, அந்தப் பேர்க்காரங்க எல்லாருடைய சம்மதமும் வாங்கணும். சட்டமே அப்படி. ஒருநாள் தேடறேன், பன்னிரண்டாவதா ஒரு சின்னப் பொண்ணு! அதுவும் எங்க பெரிய தாத்தா இருந்த ஊர்க்காரி!"

"ஐயோ, நாங்க யாரையும் சம்மதம் கேக்கலீங்களே" என்று சிவமுருகன் பதறினார்.

"ரத்த சொந்தமா இருந்தா கேக்க வேண்டியதே இல்லை" என்று சொல்லி, இங்கெர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். விரல் நீளம், திருகு மூடி. அதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் போதுமாம். ரத்த சொந்தமா இல்லையா என்று சோதித்துச் சொல்லிவிடுவார்களாம். அந்த அம்மாள் முகத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பன்னிரண்டாவது ஆள் கிடைத்துவிட வேண்டுமே என்ற ஆசைதான் இருந்தது. தான் கேட்கிற கேள்வி இந்த ஊரில் எங்கே போய்க் குத்தும் என்று அவருக்கு எப்படித் தெரியும், பாவம்!

குத்தத்தான் செய்தது. டீ கொண்டுவந்தவன் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் வில்பட்டி வரைக்கும் போய்விட்டது. நாற்பது ஐம்பது வருஷமாகச் செத்துக் கிடந்த "துரை மவன்" எழுந்து உட்கார்ந்துகொண்டது. சிவமுருகன் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி அங்கே போயிருந்தது. பிச்சையம்மாள் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். எண்பது வயதிலும் தெருக்குழாயடியில் நாலு பேரை வாயடக்குகிறவள், ஒரு வார்த்தை பேசவில்லை. சோறும் வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு நாழிகை மூக்குப்பொடி இல்லாமல் இருக்க மாட்டாளே, அதைக்கூடத் தொடவில்லை.

பெண்டாட்டி கந்தம்மாள்தான் கொட்டித் தீர்த்தாள். "ஏங்க, உங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சா? அந்தக் குப்பியை எதுக்கு வாங்கியாந்தீங்க? மல்லாக்கப் படுத்துக்கிட்டுத் துப்புனா எங்க விழும்? நீங்க துப்புனா அது அத்தை மூஞ்சியிலதான் விழும்!"

"துப்பலேன்னா ஊரு சொல்றது நெசமாயிருமேடி" என்றார் சிவமுருகன்.

"துப்பிட்டா மட்டும்? பெத்த தாய்மேல சந்தேகப்பட்டுத் துப்புனவன்னு ஆவும்."

இரண்டும் உண்மைதான். அதுதான் சங்கடமே. போதாக்குறைக்கு, மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை அவர் கந்தம்மாளிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஊற்றுத் தேடுகிற புத்தி இருக்கிறதே, அது ஆள் பார்க்காது. இப்படி ஒரு நினைப்பு வந்ததற்காகவே தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே குப்பியைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

மறுநாள் வெள்ளனே போய்ப் பலகையைக் கழற்றிச் சுவரோரம் திருப்பி வைத்தார். "ஏலே, பலகை என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று காலித் கேட்டார். இங்கெர் பங்களாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்ததால், அவரைக் கூட்டிக்கொண்டு சிவமுருகன் மேட்டில் ஏறினார்.

பங்களா இப்போது ரிசார்ட். பேரையும் மாற்றியாகிவிட்டது. குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். இங்கெருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இந்தத் தண்ணி மட்டும் மாறலீங்க" என்று சிவமுருகன் அவரை மேலே ஊற்றுக்கு அழைத்துப் போனார். துரை கல் அடுக்கிக் கட்டின தொட்டி. பாசி பிடித்திருந்தது, தண்ணீர் பளிங்கு மாதிரி வந்துகொண்டிருந்தது.

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். குப்பி சட்டைப்பையில் உறுத்தியது. இங்கெர் அதைக் கேட்கப்போகிறார் என்று தெரிந்ததும், சிவமுருகன் முந்திக்கொண்டு, தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"உங்களுக்கு இந்தப் பேரு எங்கேருந்துங்க வந்துச்சு?"

"அது ஒரு பண்ணையோட பேரு. லோம்னு ஒரு நீர்ப்பறவை. நெஸ்னா தண்ணிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற நிலம். அந்தப் பறவை வர்ற முனையில ஒரு பண்ணை இருந்துச்சு."

"உங்க பாட்டன் பூட்டன் பண்ணையா?"

"இல்லை இல்லை." இங்கெர் சிரித்தார். "என் கொள்ளுத்தாத்தா பேரு ஊலே. அவர் அப்பா நில்ஸ். அதனால அவர் ஊலே நில்சன், நில்ஸோட மகன்."

"அட, எங்க இனிஷியல் மாதிரி!"

"ஆமா. அப்புறம் பிழைப்புக்காக அந்தப் பண்ணைக்குக் கூலியாளா வந்தார். குடிசை போட்டுக் குடியிருந்தார். எங்க ஊர்ல அப்பல்லாம் எந்தப் பண்ணையில இருக்கோமோ அந்தப் பண்ணைப் பேரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவாங்க. இடம் மாறினா பேரும் மாறும். முன்னாடி வேற பண்ணையில இருந்தப்ப அவருக்கு வேற பேரு. பிற்பாடு, எல்லாரும் ஒரே குடும்பப் பேரை நிலையா வச்சுக்கணும்னு சட்டம் வந்துச்சு. அந்தச் சமயத்துல எங்க ஆளுங்க லோம்நெஸ்ல இருந்தாங்க. அதுவே ஒட்டிக்கிச்சு."

"அப்ப அந்தப் பண்ணை முதலாளிக்கும் உங்களுக்கும் என்ன சொந்தம்?"

"ஒரு சொந்தமும் இல்லை. அவங்க அமெரிக்காவுக்குப் போயிட்டாங்க. அங்க பேரையே மாத்திக்கிட்டாங்க. பண்ணை நிலமும் அணை கட்டினப்ப தண்ணிக்குள்ள போயிடுச்சு. நான் பார்த்ததுகூட இல்லை." சொல்லிக்கொண்டே வந்த இங்கெர் அப்படியே நிறுத்தினார். சிவமுருகனைப் பார்த்தார். சிவமுருகன் அவரைப் பார்த்தார்.

"அப்ப..." என்று இழுத்தார் சிவமுருகன். "நீங்களும் குவார்ட்டர்ஸ்காரங்கதானா?"

இங்கெருக்கு வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிவமுருகனும் சிரித்தார். பேர் ஒன்றாக இருக்கிறதே, அப்படியானால் ரத்தமும் ஒன்றாக இருக்குமோ என்றுதானே அந்த அம்மாள் கடல் தாண்டி வந்தார்? அந்தப் பேருக்குள் ரத்தம் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. அங்கேயும் வேலைக்கு வந்தவன் பேர், இங்கேயும் வேலைக்கு வந்தவன் பேர்.

"என் கேள்வி உங்க அம்மாவுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு இப்பத்தான் தெரியுது" என்றார் இங்கெர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு அந்தக் குப்பி வேண்டாம். தூக்கிப் போட்டுடுங்க."

வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். சிவமுருகனின் நமைச்சல் போக வேண்டுமே? குப்பியை எடுத்து மூடியைத் திறந்தார். தண்ணீரைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஊற்றுகளைத் தேடிப் போயிருக்கிறார். இந்த ஒன்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. அது வீட்டில் சோறு தின்னாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறது. மூடியைத் திருகி மறுபடியும் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டு வாசலில் இங்கெரை நிறுத்திவிட்டு உள்ளே போனார். பிச்சையம்மாள் திரும்பாமலே கேட்டாள்.

"துப்புனியா?"

"இல்லத்தா."

"ஏன்?"

சொன்னார். பண்ணை, பறவை, கூலிக்கு வந்த ஊலே, எல்லாம் சொன்னார். பிச்சையம்மாள் மெல்ல எழுந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வாத்தியார்ட்ட நான்தானேடா சொன்னேன்" என்றபோது குரல் உடைந்தது. "பெருமையாச் சொன்னேன்டா. இப்படியாகும்னு கண்டேனா?" சிவமுருகன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவளே, "அந்தப் புள்ளை எங்க?" என்றாள்.

"வாசல்ல நிக்குது."

"கூறுகெட்டவனே, சாரல்ல நிறுத்திட்டு வந்து கதை சொல்றியா? வெரசாக் கூப்புடு. கந்தம்மா, இலையைப் போடு!"

பட்டாணிக் குழம்பு, மலைப்பூண்டு ரசம், பீன்ஸ் பொரியல். இங்கெர் சம்மணம் போட்டு உட்காரப் பட்ட பாட்டைப் பார்த்துப் பிச்சையம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மூடி இறுக்கமாக இருந்தது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மூக்குப்பொடிப் பொட்டலத்தைப் பிரித்து அதில் கொட்டி மூடி, இடுப்பில் செருகிக்கொண்டாள். இங்கெர் கண் விரியப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நடுவே இங்கெர் ஏதோ கேட்டார். சிவமுருகன் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார். "ஆத்தா, இந்தப் பேரை வெளியாளு வச்சுக்கணும்னா அந்தப் பேர்க்காரங்க எல்லார் சம்மதமும் வேணுமாம். அவங்க நாட்டுச் சட்டமாம். நீ என்னைப் பள்ளிக்கூடத்துல சேத்தன்னைக்கி யார்ட்டயாச்சும் கேட்டியான்னு சும்மா விளையாட்டுக்குக் கேக்குறாங்க."

"நான் எதுக்குடா கேக்கணும்?" பிச்சையம்மாள் கரண்டியோடு நிமிர்ந்தாள். "அந்த வீட்டு அடுப்பு ஈரவிறகு. ஊதி ஊதி என் கண்ணு போச்சு. ஒங்கப்பன் தொட்டி கட்டக் கல்லு சொமந்தான். அவ அந்தப் பண்ணையில அடுப்பு ஊதுனாளா, கேளு."

சிவமுருகன் கேட்டார். இங்கெர் இல்லையென்று தலையாட்டினார். அந்த இடத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றார்.

பிச்சையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இன்னொரு கரண்டி குழம்பை அவர் இலையில் ஊற்றினாள்.

"போவுது போ, சாப்புடச் சொல்லு. அவளும் அந்தப் பேரை வச்சுக்கட்டும். எனக்குச் சம்மதம்தான்."