ஒரே ஸ்பீக்கரில் மூன்று செட்

என்ஜினியர் ஜீப்பில் இருந்த மூன்று வயர்லெஸ் செட்டுகளின் சத்தத்தையும் ஒரே ஸ்பீக்கரில் சேர்த்தது நான்தான். ஒரத்தநாட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஊரில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் பறந்துகொண்டிருந்த காலம். எனக்கும் விசா வருவதாக இருந்தது. அதற்கு ஒரு அனுபவச் சான்று வேண்டும். எனக்குத் தெரிந்து அதைத் தரக்கூடியவர் அந்தப் பாசன என்ஜினியர் ஒருவர்தான். அவர் வண்டிக்காக விழுந்து விழுந்து உழைத்ததற்குக் காரணம் அதுதான், தொழில் பக்தியெல்லாம் ஒன்றும் இல்லை.

அணையில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று கேட்க ஒரு செட், கலெக்டர் ஆபீசுக்கு ஒன்று, லஸ்கர்களுக்கு ஒன்று. வாய்க்கால் கரையைக் காத்து, மதகைத் திறந்து மூடுகிறவர்தான் லஸ்கர். மழைக்காலத்தில் மூன்று செட்டும் ஒரே நேரத்தில் பேசும். ஜீப்புக்குள் சந்தைக்கடை இரைச்சல். மூன்றையும் ஒரு பெட்டிக்குள் இழுத்து, செட்டுக்கொரு வால்யூம் குமிழ் வைத்து, ஒரு ஸ்பீக்கரில் விட்டேன். என்ஜினியருக்கு அது போதவில்லை.

“கலெக்டர் ஆபீஸ் பேசறப்ப மத்தவன் வாயைத் திறக்கக் கூடாதுப்பா. ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் என் சீட்டு கிழிஞ்சிடும்.”

அதற்கும் வழி செய்தேன். கலெக்டர் ஆபீஸ் செட்டில் யாராவது பேச ஆரம்பித்தால் ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் மற்ற இரண்டையும் வெட்டிவிடும். பெட்டியில் சின்னச் சிவப்பு விளக்கு எரியும். யாருடைய பேச்சை வெட்டுகிறோம் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நானும் ஜீப்பில் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்பீக்கர் அடங்கிப்போனது. அரை மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை.

“இப்பதான்யா நிம்மதியா இருக்கு” என்றார் என்ஜினியர். நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன், வெட்கங்கெட்டவன். விளக்கைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

அப்போது எதிரே சைக்கிளில் ஒரு லஸ்கர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். இடுப்புவரை சேறு, கழுத்தில் வாக்கிடாக்கி.

“கரை கசியுதுன்னு அரை மணியா கூப்பிடறேங்க. பதிலே இல்லீங்க. இப்ப உடைப்பு எடுத்துடுச்சுங்க.”

நான் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கலெக்டர் ஆபீஸ் அலைவரிசையில், எந்த வண்டியிலோ, யாரோ தெரியாமல் மைக் பட்டன்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டன் அமுங்கியிருந்தாலே என் ரிலேவுக்கு அது பேச்சுதான். யாரும் பேசாத அந்தச் செட்டுக்கு மரியாதை கொடுத்து, என் ரிலே இவருடைய குரலை அரை மணி நேரமாக வெட்டிக்கொண்டிருக்கிறது. அந்த விளக்கின் அர்த்தம் எனக்கு மட்டும்தான் உடனே புரிந்தது. மற்றவர்கள் பார்க்குமுன் கையை நீட்டி ரிலேயை அணைத்துவிட்டேன்.

“ஒரு சத்தமும் வரலையே. இவரும் என்கூடத்தானே இருந்தாரு” என்று என்ஜினியர் என்னைக் காட்டினார்.

“ஆமாங்க, ஒண்ணும் வரலைங்க” என்றேன். சொன்னது பொய்யில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மணல் மூட்டைகள் போய்ச் சேருவதற்குள் நடவு முடிந்த சம்பா வயல்கள் தண்ணீருக்குள் போய்விட்டன. கரையைக் கவனிக்காமல் இருந்துவிட்டார் என்று லஸ்கரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

மறு வாரம் அவர் என் கடையைத் தேடி வந்தார்.

“தம்பி, நீங்க செட்டு வேலை தெரிஞ்சவரு. நான் பட்டனை அமுக்கித்தான் பேசினேன். அப்படியும் கேக்கலைன்னா என்ன காரணமா இருக்கும்? விசாரணையில சொல்லணும்ங்க.”

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்திருந்தால் போதும், மனிதர் தப்பித்திருப்பார். ஆனால் சான்று இன்னும் என் கைக்கு வரவில்லை. வாய் தானாகப் பேசியது.

“மழையில கை நனைஞ்சிருக்கும். பட்டன் சரியா அமுங்கியிருக்காதுங்க.”

அவர் தன் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்படித்தான் இருக்கும். நான்தான் சரியா அமுக்கலை போல” என்றார். போகும்போது எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதையும் குடித்தேன்.

விசாரணையில் அப்படியே எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டாராம். வேலை போயிற்று. என்னிடம் சான்றைத் தரும்போதுதான் என்ஜினியர் இதைச் சொன்னார்.

“நேர்மையான ஆளுய்யா. தப்பை ஒத்துக்கிட்டான்.”

நான் இரண்டு கைகளாலும் சான்றை வாங்கிக்கொண்டேன்.