படத்தைப் பார்த்து நான் சொன்ன பெயர்

நாச்சியாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவள் செல்வி. நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை என்பதால், பூச்சி, பூரான் எதைக் கண்டாலும் என்னிடம்தான் கேட்பாள். போன மழைக்காலத்தில் ஒருநாள், விறகுக் குவியலில் கிடந்த பாம்பைப் போனில் படமெடுத்து வந்து காட்டினாள்.

"இது என்ன பாம்புக்கா?"

தடித்த உடம்பு, முதுகில் பழுப்பு வட்டங்கள். "மலைப்பாம்புக் குட்டிதான் செல்வி. விஷம் கிடையாது, அதுபாட்டுக்குப் போயிரும்" என்றேன்.

மறுநாள் காலை விறகு எடுக்கும்போது அது அவள் கையில் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்ட கணவரிடம், "அக்கா விஷமில்லன்னு சொன்னாக" என்று மறுத்து, மஞ்சளைப் பூசிக்கொண்டு சமைத்திருக்கிறாள். நான் அப்போது பள்ளியில் இருந்தேன். மதியம் கை வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் சிவகங்கைக்குக் கொண்டுபோனார்கள். படத்தைப் பார்த்த டாக்டர், கண்ணாடி விரியன் என்றார். சிறுநீரகம் செயலிழந்து நான்காம் நாள் செல்வி இறந்துபோனாள்.

அவள் கணவர் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க என்ன வேணும்னேவா சொன்னீக, விடுங்க டீச்சர்" என்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இப்போது யார் பாம்புப் படம் காட்டினாலும், எனக்குத் தெரியாது என்று சொல்லி, தீயணைப்பு நிலையத்துக்கு நானே போன் செய்கிறேன். கடித்துவிட்டது என்றால், என்ன பாம்பு என்று கேட்காமலே வண்டியை எடுக்கிறேன்.