தட்டில் காய்ந்த தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை மரக்காணத்தில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சார், பொட்டி வீடு வாங்கலாம்னு சொன்னவரு நீங்கதானா?" என்றார்.

நானேதான். அசடு வழிந்தது நான். ஜெயித்தது என் கொழுந்தியாள் மல்லிகா.

மல்லிகா இருபது வருஷமாக உப்பளத்தில் வேலை செய்கிறவள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அதனால் முடிவெல்லாம் இவள்தான். இருந்தது ஷீட் போட்ட வீடு. மழைக்காலம் வந்தால் உப்பளத்தில் வேலையும் இருக்காது, வீட்டில் ஒழுகாத இடமும் இருக்காது. சீட்டு கட்டி, நகையை விற்று, ஒரே ஒரு முறை வீடு கட்டுகிற அளவுக்குச் சேர்த்திருந்தாள். அது தப்பாகிப்போனால் இன்னொரு முறை கிடையாது.

சென்னையில் இருக்கும் நான் சும்மா இருப்பேனா? யூடியூபில் கன்டெய்னர் வீடுகளாகப் பார்த்துத் தள்ளினேன். கப்பலில் சரக்கு வருமே, அந்த இரும்புப் பெட்டி! ஜன்னல் வெட்டி, ஃபேன் மாட்டி, வாசலில் இரண்டு பூந்தொட்டி வைத்தால்... வீடு! கான்கிரீட் வீட்டுக்கு ஆகிற செலவில் பாதிதான். எக்செல்லில் கணக்குப் போட்டு, லேப்டாப்போடு போய் இறங்கினேன்.

மல்லிகாவின் காலி மனையில் உட்கார்ந்து பேச்சுவார்த்தை. கான்கிரீட் தரப்பில் ஏழுமலை மேஸ்திரி, கையில் வரைபடத்தோடு.

மல்லிகா என் எக்செல்லைப் பார்க்கவே இல்லை. கேள்வி மட்டும் கேட்டாள்.

"பொட்டி எதுல மாமா வரும்?"

"டிரெய்லர்ல."

"இந்த உப்பளக் கரை மேல டிராக்டரே ஒதுங்கி ஒதுங்கித்தான் வருது. டிரெய்லர் எங்க திரும்பும்?"

பெரிய கிரேன் என்று ஒரு வரி சேர்த்தேன். அடியில் தூண்கள்... இன்னொரு வரி. வெயில் தாங்க உள்ளே தடுப்பு... இன்னொன்று. பாதி விலை முக்கால் விலை ஆயிற்று.

"துரு பிடிச்சா?"

"பெயிண்ட் அடிச்சிக்கலாம்மா."

"வருஷா வருஷமா? இந்தக் காத்துல என் சைக்கிள் ரெண்டு வருஷம் தாங்கல. உப்பு வார்ற பலகையே நாங்க மரத்துலதான் வச்சிருக்கோம். ஏன்னு நெனைக்கிறீங்க?"

மேஸ்திரிக்கு முகமெல்லாம் பல். "அதான்க்கா நானும் சொல்றேன். பொட்டியில சரக்கு வைக்கலாம், குடும்பம் நடத்த முடியுமா? நம்ம காங்கிரீட்டு மூணு தலைமுறைக்கு நிக்கும்."

சரி, நான் அவுட். ஆனால் அடுத்து அவர் பக்கம் திரும்பினாள் பாருங்கள்!

"காங்கிரீட்டுக்குத் தண்ணி எங்கேர்ந்து மேஸ்திரி?"

"தோ, பக்கத்துல போர் இருக்குதே. நல்ல தண்ணிதான்க்கா. காசே கெடையாது."

மல்லிகா எழுந்தாள். ஓர் எவர்சில்வர் தட்டில் அந்த போர் தண்ணீரை மெல்லிசாக ஊற்றி, செங்கல் அடுக்கின் மேல் வெயிலில் வைத்தாள். "வாங்க, சாப்பிட்டு வந்துடலாம்" என்றாள்.

மீன் குழம்பும் சோறும் முடித்துத் திரும்பியபோது தட்டு காய்ந்து கிடந்தது. அடியில் வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது. மேஸ்திரி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"தண்ணிய ஊத்தி, வெயில்ல காய வச்சு, உப்பு எடுக்கிறேன். இருபது வருஷமா எனக்கு இதான் வேல. என்கிட்டயே நல்ல தண்ணின்னு சொல்றீங்க?"

எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. அந்தத் தண்ணீரில் கலவை போட்டால் உப்பு உள்ளேயே உட்கார்ந்து கம்பியை அரிக்கும். அப்புறம் என் பெட்டிக்கும் அவர் கான்கிரீட்டுக்கும் என்ன வித்தியாசம்? பெட்டியில் துரு வெளியே தெரியும். இதில் பெயர்ந்து விழும்போதுதான் தெரியும்.

மேஸ்திரி எஸ்டிமேட்டிலும் ஒரு வரி ஏறியது — லாரித் தண்ணீர். கலவைக்கும், அப்புறம் நாள் கணக்காக நனைப்பதற்கும். மொத்தத் தொகை மல்லிகாவின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அவ்வளவுதான், இந்த மழைக்கும் ஷீட் வீடுதான் என்று நான் லேப்டாப்பை மூடினேன்.

அவள் வரைபடத்தை வாங்கி, வீட்டின் முன்பக்கத்தைக் கையால் மூடினாள். "இந்த வளைவு, டிசைன் தூணு, டைல்ஸ்... எல்லாத்தையும் எடுத்துடுங்க."

"ஐயோ, எலிவேஷன் இல்லாம வீடு மொட்டையா இருக்கும்க்கா!"

"இருக்கட்டும். அந்தக் காசு தண்ணிக்கு."

வேலை தொடங்கியது. வந்த ஒவ்வொரு லாரித் தண்ணீரையும் உள்ளங்கையில் பிடித்து வாயில் வைத்துப் பார்த்தாள். ஒரு லாரியைக் 'கரிக்குது' என்று நிறுத்திவிட்டாள். டிரைவர் எகிறியிருக்கிறார். இவள் உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்ததும் வண்டியை ரிவர்ஸ் எடுத்துவிட்டாராம்! இப்போது அந்தத் தெருவில் யார் வீடு கட்டினாலும் முதலில் மல்லிகாவைத்தான் கூப்பிடுகிறார்கள். தட்டோடு போகிறாள்.

என்ன விலை என்று எல்லாரும் கேட்கிறோம். எதை எழுதாமல் விட்டீர்கள் என்று கேட்கிறோமா? நாம் போட்ட வரிகளை எக்செல் அழகாகக் கூட்டித் தரும். போடாத வரிக்கு அது என்ன செய்யும், பாவம்!

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசத்துக்கு வருகிறேன். புது வீட்டுக்குள் முதலில் உப்பு எடுத்துப்போவது நம் வழக்கமாயிற்றே. அதே எவர்சில்வர் தட்டில், தன் கையால் வாரிய உப்பைக் குவித்து ஏந்திக்கொண்டு, அந்த மொட்டை வாசலில் நின்றாள் மல்லிகா. ஓரமாக நின்ற மேஸ்திரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன்க்கா, உப்பு ஆகாதுன்னு அந்தப் பாடு படுத்துனீங்க. இப்ப நீங்களே தூக்கினு போறீங்க?"

வலது காலை உள்ளே வைத்துக்கொண்டே சொன்னாள்: "தட்டுல வரலாம் மேஸ்திரி. சுவத்துல வரக் கூடாது."