ஜெயலக்ஷ்மி சாப்பிட்ட களி

இல்லை, அவள் ஓடிப்போகவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் பேசலாம். புருஷன் செத்த பெண் பெட்டியோடு தெருவில் இறங்கினால் உங்களுக்கு வேறு எதுவும் தோன்றாதா? காக்ஸ் டவுனில் அவள் அண்ணன் வீட்டுக்குள் ஒரு வாரம் நடந்தது என்ன என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம். மாகடிக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கக் கற்றுத்தருகிறோம், திங்கட்கிழமை வந்து சேர வேண்டும் என்று ஜெயலக்ஷ்மிக்குக் கடிதம் வந்தது. அங்கே இரண்டு வேளையும் ராகிக் களிதான், தனிச் சமையல் கிடையாது என்றும் எழுதியிருந்தார்கள். செங்கல்பட்டுப் பக்கத்து அரிசிச் சோற்றில் வளர்ந்தவள் அவள். களி வாயில் பட்டாலே குமட்டும்.

அண்ணன் ஜெயராமன் கடிதத்தைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"பட்டினி கெடந்து நாலாம் நாள் திரும்பி வந்தேன்னா உனக்குத்தாம்மா அசிங்கம். ஞாயித்துக்கெழம என் முன்னாடி ஒரு உருண்ட முழுசா சாப்பிடு. அனுப்புறேன். இல்லேன்னா இந்தப் பேச்சே வேணாம்."

அண்ணி சம்பூர்ணம் தினமும் கிண்டிப் போட்டாள். ஜெயலக்ஷ்மி சோற்றை மெல்வதுபோல மென்றாள். மெல்ல மெல்ல அது பசையாகி மேல் அண்ணத்தில் அப்பிக்கொண்டது, பல்லிடுக்கில் நறநறத்தது. நான்கு நாளும் கொல்லைப்பக்கம் ஓடித் துப்பினாள். இனி அந்த வீட்டு அடுப்படிதான் கதி என்று நினைத்தபோது மறுபடியும் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், எதிரில் வீடு கட்டுகிற இடத்தில் சித்தாள் பெண்கள் களி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாருக்கும் தாடை அசையவில்லை. வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டாள். எல்லம்மா என்கிற கோலார்க்காரி, இவள் வயதுதான், சிரித்துவிட்டாள்.

"அதென்ன கரும்பா, கடிக்க? கிள்ளு, சாத்துல பொரட்டு, பல்லுல படாம உள்ள வுடு."

மறுநாள் நான்கு வாய் இறங்கியது. ஐந்தாவது திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஜெயராமன் வர நேரமாகிவிட்டது. களி ஆறி இறுகிப்போயிற்று. வேறு கிண்டுகிறேன் என்றாள் அண்ணி. இதுவே இருக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள் இவள். பிடிவாதக்காரிதான், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் வாய் போயிற்று. இரண்டாவதும். மூன்றாவது தொண்டையில் நின்றது. கண்ணில் நீர் முட்டியது. ஜெயராமன் சாப்பிடாமல் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் சொம்பைத் தொடாமல் அவரைக்காய்ச் சாற்றை ஒரு கை அள்ளி ஊற்றினாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அப்புறம் தட்டைப் பார்க்காமலே கை கிள்ளியது, புரட்டியது. சாற்றின் மிளகுக் காரமும் ராகி வாசனையும் மட்டும் நாக்கில் நின்றன. களி நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இறங்கி வயிற்றில் கனமாக உட்கார்ந்தது. அந்த இறக்கம் அவளுக்குப் பிடித்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பந்தயத்துக்காகக் கேட்கவில்லை:

"அண்ணி, இன்னும் பாதி உருண்ட இருக்கா?"

ஜெயராமன் எழுந்துபோய்க் கை கழுவினான். ஈரக்கையோடு கடிதத்தை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"காலைல பஸ்சு எத்தன மணிக்கு?"

திங்கட்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி பிடிக்க அவன் முன்னால் போனான். ஜெயலக்ஷ்மி தகரப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, அண்ணியிடம் சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டி நடந்தாள்.